நின்றபடி தொண்ணூற்றேழு

சட்டத்தின் கண்ணில் இது டிராக்டர்.
பின்சீட்டைப் பிடுங்கிவிட்டு
முதுகில் ஒரு மரப்பெட்டியை ஏற்றினால்
பழைய வோல்வோகூட டிராக்டராகிவிடும் சுவீடனில்.
பதினைந்து வயது ஆனால் போதும், ஓட்டலாம்.
முப்பதைத் தாண்டக் கூடாது.
எதை உழுவது என்று மட்டும்
எங்கும் எழுதி வைக்கவில்லை.
பிப்ரவரியில் இங்கே நிலம் என்று ஒன்று
கண்ணில் படுவதே இல்லை.

அம்மா வீடு ஸ்தூருமானில்.
அப்பா வீடு எழுபத்துநான்கு கிலோமீட்டர் வடக்கே.
இப்போது அங்கே வாசலில்
வேறு ஒருத்தியின் பூட்ஸும் கிடக்கிறது.
ஞாயிற்றுக்கிழமை பேருந்து இல்லை.
முப்பதில் போனால் இரண்டரை மணி நேரம்,
ஹீட்டர் வேலை செய்தால்.
ஹீட்டர் வேலை செய்யவில்லை.

அதனால்தான் அந்த சுவிட்ச்.
எம்ப்லாவின் அண்ணன் பொருத்தித் தந்தான்,
கூலி ஆறு கேன் எனர்ஜி டிரிங்க்.
சாம்பல் கிண்ணத்துக்கு அடியில்
சூயிங்கம் தாள் மூடிக் கிடக்கும்.
தட்டினால் வண்டி ஒரு கணம் யோசிக்கும்,
பிறகு
தான் கார் என்பது அதற்கு நினைவு வரும்.

பெட்ரோல் பங்கில் உருளைகளோடு காத்திருந்தார்கள்.
ரொட்டி தேய்க்கும் கட்டை இரண்டு
யானைக்கென்று செய்தது மாதிரி.
பின்சக்கரங்களை அதன்மேல் ஏற்றச் சொன்னார்
ஸ்தூரே என்று சட்டையில் பெயர் எழுதிய போலீஸ்காரர்.
"மிதி."
மிதிக்காவிட்டால் சந்தேகம்.
மிதித்தால் சாட்சி.
சுவிட்சை அணைத்துவிட்டதாகத்தான் நம்பினேன்.

முப்பது. நாற்பத்தொன்று. அறுபது.
கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் அசையவில்லை.
அதே ஹாட்டாக் விளம்பரம்.
கம்பத்தில் கட்டிய அதே நாய்,
என்னையே பார்த்துக்கொண்டு.
எண்பது.
தொண்ணூற்றேழு.
பிறந்ததிலிருந்து நான் ஓட்டிய அதிக வேகம் அதுதான்,
ஓர் அங்குலம் நகராமல்.

அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை.
மூக்கு சிவந்துபோய்
வீட்டுக்குப் போனால் போதும் என்றிருக்கும் ஆள்.
ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தார்.
சூயிங்கம் தாளை ஒரு விரலால் நகர்த்தினார்,
தன் வீட்டுச் சாவியை எடுப்பதுபோல.
அபராதம் எழுத எடுத்த பேனா
மைனஸ் இருபத்தெட்டில் உறைந்திருந்தது.
ஊதினார். உதறினார். அக்குளில் செருகிப் பார்த்தார்.
பார்க்கச் சகிக்காமல்
கோட்டுக்குள்ளிருந்து என் பேனாவைக் கொடுத்தேன்.
மினுமினுக்கும் ஊதா மை.
சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே,
இது சொந்தப் பேனாவில்.

உரிமம் இல்லாமல் கார் ஓட்டியதற்கு இவ்வளவு.
டிராக்டர் டிராக்டராக இல்லாததற்கு இவ்வளவு.
கூட்டியதில் ஐந்நூறு குரோனா குறைந்தது.
நான் கணக்கில் கெட்டிக்காரி.
வாயைத் திறக்கவில்லை.
பேனாவை அவர் திருப்பித் தரவில்லை,
நானும் கேட்கவில்லை. சரியாய்ப் போயிற்று.

அப்பா ஃபோனை எடுக்கவில்லை.
அம்மா எடுத்தாள். முதியோர் இல்லத்தில் பணி,
பின்னால் யாரையோ குளிப்பாட்டும் சத்தம்.
"எவ்வளவு?"
தொகையைச் சொன்னேன்.
"அதைக் கேட்கவில்லை. எவ்வளவு போனது?"
"தொண்ணூற்றேழு."
தண்ணீர்ச் சத்தம் நின்றது.
"அந்த வண்டியா?"
குரலில் கோபத்தைத் தேடினேன்.
அது இன்னும் வந்து சேரவில்லை.
இரவு வரும், அவளோடு.

இழுவை லாரி வந்தது.
வோல்வோவின் பின்பக்கத்தைத் தூக்கிக் கட்டினார்கள்.
ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து
தெற்கு நோக்கி, அம்மா வீட்டுக்கு.
ஹீட்டர் அனலாய் அடித்தது.
காது முதலில் வலித்தது, பிறகு எரிந்தது.
ஏதோ நினைவில் திரும்பிப் பார்த்தேன்.
மெல்லச் செல்லும் வாகனம் இது என்று சொல்லும்
அந்தச் சிவப்பு முக்கோணம்
கண்ணாடிக்கு அந்தப் புறம், என் முகத்துக்கு நேராக,
இருட்டையும் பனிப்பொடியையும் கிழித்துக்கொண்டு
எண்பதில் வந்துகொண்டிருந்தது,
சட்டப்படி.